துக்கச் செய்தி கேட்டு ராத்திரியே காரில் கிளம்புகிறவர்களுக்கு

நண்பன் வீட்டில் சாவு என்று போன் வந்ததும் ஓசூரிலிருந்து சேலத்துக்கு அடித்துப் பிடித்து ஓடாதீர்கள். எப்போது எடுக்கிறார்கள் என்பதை நண்பனிடம் கேட்காமல் பங்காளி ஒருவரிடம் கேளுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய், அதுதான் கண்டம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. மிதித்து மிதித்து பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். இறக்கம் தொடங்குமுன்பே மூன்றாவது கியருக்கு வாருங்கள். லாரிக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிப் போகாதீர்கள், அதன் பிரேக்கும் கொதித்துக் கிடக்கும்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பிளாஸ்க்கில் டீ, பேப்பர் கப், 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு: மாலையைவிட இவைதான் உதவும். கிளம்பும்போது மட்டும் 'போயிட்டு வரேன்' வேண்டாம்.