பேச்சுக்கு நடுவே ஒரு சம்பவத்தைச் சொல்வது எப்படி?

நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது ஆளுக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று மாறி மாறித்தான் பேச்சு போகும். அதில் ஒருவர் "எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு" என்று ஆரம்பித்தால், மற்ற மூன்று பேரும் தங்கள் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது சின்னச் சலுகை இல்லை, அதனால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1960களில், லாஸ் ஏஞ்சலஸில் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் தொடங்கி, சாதாரண ஜனங்களின் பேச்சை ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பக் கேட்டு ஆராய்ந்தவர். கதை சொல்லப் போகிறவர் முதலில் ஒரு முன்னோட்ட வரியைப் போட்டு அனுமதி வாங்குகிறார் என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று. நம் "நேத்து என்ன ஆச்சு தெரியுமா?" அந்த வேலையைத்தான் செய்கிறது. "என்ன ஆச்சு?" என்று பதில் வந்தால் சொல்லுங்கள். "ம்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்தால் அந்தக் கதையை அப்படியே விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

வாயைத் திறக்கும் முன்பே கடைசி வரி என்ன என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வில்லியம் லபோவ், ஜோஷுவா வாலட்ஸ்கி என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர்கள் வாயால் சொல்லும் சொந்த அனுபவங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். யார், எங்கே, எப்போது என்பது ஒரு பகுதி, என்ன சிக்கல் வந்தது என்பது ஒரு பகுதி, எப்படி முடிந்தது என்பது இன்னொன்று. இவற்றோடு, இதை ஏன் சொல்கிறேன் என்று காட்டும் பகுதியும் இருக்கிறது. அதை விட்டால், எவ்வளவு அழகாகச் சொன்னாலும் "சரி, அதுக்கென்ன இப்போ?" என்றுதான் கேட்கிறவருக்குத் தோன்றும்.

கடைசி வரி தெரிந்துவிட்டால் எதை வெட்டுவது என்பதும் தெரிந்துவிடும். "செவ்வாய்க்கிழமையா... இல்ல புதன், ஏன்னா அன்னிக்குத்தான் கேஸ் சிலிண்டர் வந்துச்சு" என்பதெல்லாம் உங்கள் ஞாபகத்துக்கான குறிப்பு, கேட்கிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் கணவனோ மனைவியோ உட்கார்ந்திருந்தால் "அது திருச்சி இல்ல, விழுப்புரம்" என்று ஒரு திருத்தம் கட்டாயம் வரும். வாதாடாமல் "சரி, விழுப்புரம்" என்று மேலே போய்விடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருப்பவர்களுக்கு விழுப்புரம்தான் மிஞ்சும்.

நீங்கள் சொல்லும் கதையில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதும் முக்கியம். உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றில் 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததைச் சொல்லியிருக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார், அந்த மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார், இவர் படித்ததில்லை. பெரிய வித்துவானிடம் படித்தவர் அந்த இடத்தில் சின்னவராகிப் போவதை மறைக்காமல் சொல்வதால்தான், 1887இல் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்ற செய்தி நமக்குத் தனிக் கனத்தோடு வந்து சேர்கிறது. "நான் விட்டேன் பாரு ஒரு டோஸ், மேனேஜர் ஆடிப்போயிட்டான்" வகைக் கதைகளை யாரும் முழுசாக நம்புவதில்லை, நாகரிகம் கருதித்தான் தலையாட்டுகிறார்கள்.

இனி, பெரும்பாலானவர்கள் சொதப்பும் இடத்துக்கு வருவோம். ஒருவர் "பஸ்ல போன் போயிடுச்சு" என்று சொல்கிறார், உடனே உங்களுக்கும் ஒன்று ஞாபகம் வருகிறது. சாக்ஸ் இதையும் பேசியிருக்கிறார்: ஒரு கதைக்குப் பதிலாக இன்னொரு கதை வருவது, நீ சொன்னது எனக்குப் புரிந்தது என்று காட்டும் வழி. ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் எந்த பஸ், எப்போது தெரிந்தது, சிம்மை பிளாக் பண்ணியாச்சா என்று கேளுங்கள், அவர் மனதில் இருப்பதைக் கொட்டி முடிக்கட்டும். அப்புறம் உங்கள் கதை. அதிலும் அவர் இருந்த இடத்திலேயே நீங்களும் இருக்க வேண்டும். அவர் ஏமாந்தவர் என்றால் நீங்களும் ஏமாந்த கதைதான் செல்லுபடியாகும். "எனக்கும் போச்சு, ஆனா நான் துரத்திப் பிடிச்சுட்டேன்" என்றால் அது ஆறுதல் இல்லை, போட்டி. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போய், அதே வியாதியில் போய்ச் சேர்ந்த ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்வது!

துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? அங்கே இதைவிட நல்ல வழி இல்லை. குடும்பத்துக்குத் தெரியாத ஒரு சின்ன சம்பவம் போதும்: "அண்ணே, அப்பா ரேஷன் கடையில எனக்காக வரிசையில இடம் பிடிச்சு வெச்சிருப்பாரு, யாராவது கேட்டா என் தங்கச்சின்னு சொல்லிடுவாரு." இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அவர்களுக்குச் சிரிப்பு வந்தால் வரட்டும், அதில் தப்பில்லை. "நல்ல மனுஷன்" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள், ராத்திரி அந்த வீட்டில் திரும்பப் பேசப்படுவது ரேஷன் கடைதான்.

பிரபலங்களின் கதையென்றால் கொஞ்சம் ஜாக்கிரதை. விஞ்ஞானிக்குப் பதிலாக அவருடைய டிரைவரே மேடையேறிப் பேசி, கடினமான கேள்வி வந்ததும் "இதற்கு என் டிரைவரே பதில் சொல்வார்" என்று சமாளித்த கதை வாட்ஸ்அப்பில் ஐன்ஸ்டைன் பெயரில் சுற்றுகிறது, வேறு இடங்களில் அதே கதை மேக்ஸ் பிளாங்க் பெயரில் இருக்கிறது. "ஒரு விஞ்ஞானியைப் பத்தி இப்படிச் சொல்வாங்க" என்று ஆரம்பித்தால் கதையின் சுவை குறையாது, யாரும் மடக்கவும் முடியாது. விவாதத்தில் "எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வயசு வரை இருந்தாரு" என்று யாராவது போட்டால் தாத்தாவோடு சண்டை போடாதீர்கள், "அவரோட பீடி குடிச்ச மத்தவங்க எப்படி இருந்தாங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

சொல்லி முடித்து யாரும் சிரிக்கவில்லையா? விளக்காதீர்கள், "நேர்ல பார்த்திருந்தா சிரிச்சிருப்பீங்க" என்றும் சொல்லாதீர்கள். எதிரே இருப்பவரிடம் ஒரு கேள்வியைப் போட்டு முறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.