இடிந்த மடத்து ஊரில் வரலாறு தேடுவோர் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குச் செல்பவர்களில் பலர், கோபுரத்துடன் நிமிர்ந்து நிற்கும் பேராலயத்தைக் கண்டதும் அதையே பழைய மடத்துக் கோயில் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது செயின்ட் ஜேம்ஸ் பங்குக் கோயிலாக இருந்து 1914இல்தான் பேராலயமாக உயர்த்தப்பட்டது. அதன் நடுக்கோபுரம் கட்டி முடிக்கப்பட்டதே 2005இல். கனூட் மன்னர் காலத்தில், 1020இல், பெனடிக்ட் சபைத் துறவிகள் குடியேறிய மடத்தின் பெருங்கோயிலோ, ஏறத்தாழ 150 மீட்டர் நீளம் கொண்டிருந்தது; இன்று அது பின்புறத் தோட்டத்தில் கல்மேடுகளாகக் கிடக்கிறது.

அந்த மேடுகளின் கரடுமுரடான தோற்றத்தை வைத்துத் துறவிகளின் கட்டடக் கலையை எடைபோடுவது அடுத்த பிழை. இன்று காண்பது சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கலந்த சுவரின் உட்பகுதி மட்டுமே. பார்னக் குவாரியிலிருந்து வந்த வழுவழுப்பான சுண்ணாம்புக்கல் அதன் மேல் போர்த்தியிருந்தது. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்ட பிறகு ஊரார் அதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆகவே மடத்தின் தோலைத் தேடுபவர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, ஊரின் பழைய மதில்களையும் பார்க்க வேண்டும். கோயிலின் மேற்கு முகப்பிலேயே, இடிந்த வளைவுகளுக்கு இடையில் வீடுகளைச் செருகிக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

தெருக்களைக் கவனியாமல் விடுவதும் பெரிய இழப்பு. 11ஆம் நூற்றாண்டில் மடாதிபதி பால்ட்வின் கட்டங்கட்டமாக வகுத்த தெருக்களில் இன்றும் நடக்கலாம். சர்ச்கேட் தெருவின் மேல்முனையில் நின்றால் பார்வை நேராக, மடத்துக் கோயிலுக்கான வாயிலாக இருந்த நார்மன் கோபுரத்தில் போய் முட்டும். முன்பு உழுநிலமாக இருந்த இடத்தில் 342 வீடுகள் எழுந்திருந்ததை 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பு பதிவு செய்திருக்கிறது.

அழிவு முழுவதையும் ஹென்றியின் தலையில் கட்டுவதும் சரியன்று. நிலமும் சந்தையும் மடத்தின் பிடியில் இருந்ததால் மனம் கசந்த ஊரார் 1327இலேயே உள்ளே புகுந்து சூறையாடினார்கள். அதன் பிறகு எழுப்பப்பட்ட மடவாயிலில், மேலிருந்து இறக்கும் கிராதிக் கதவுக்கான பள்ளத்தை இன்றும் காணலாம். அழகு வேலைப்பாட்டில் மயங்கி, அது ஊராருக்கு அஞ்சிக் கட்டிய வாயில் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஊர் பெருமையோடு சொல்லும் கதையையும் சான்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முந்திய ஆண்டான 1214இல் பிரபுக்கள் இந்தக் கோயிலின் பலிபீடத்தில் சத்தியம் செய்தார்கள் என்பது, செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி ரோஜர் சில ஆண்டுகள் கழித்து எழுதிவைத்த செய்தி.

மடத்துக்குள்ளேயே இருந்து எழுதிய துறவி ஜோசலினின் குறிப்புகளைப் பெரிய மனிதர்களுக்காக மட்டும் புரட்டுவதும் தவறுதான். அறுவடைக்காக வீட்டுக்கு ஒரு பென்னி வசூலிக்க வந்த மடத்து ஆட்கள், கொடுக்க முடியாதவர்களின் முக்காலிகளையும் கதவுகளையும் தூக்கிச் சென்றபோது, கிழவிகள் நூல் நூற்கும் கோலை ஓங்கியபடி திட்டிக்கொண்டு வெளியே வந்ததை அவர் எழுதியிருக்கிறார். பிறகு, அதற்கு ஈடாக ஊர் ஆண்டுக்கு 20 ஷில்லிங் செலுத்துவது என்று முடிவாயிற்று.