வெள்ளி இலைச் செடிக்கு வெயிலா, நிழலா?

வெள்ளி நிற இலைச் செடியை எங்கே வைப்பது என்று குழப்பமா? இலையை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். டஸ்டி மில்லர் போல மெத்தென்று இருந்தால் நல்ல வெயில், மணல் கலந்த மண், வேரில் மட்டும் தண்ணீர். அலுமினியச் செடி போல வழுவழுவென்று இருந்தால் நேர் வெயில் படாத, வெளிச்சமான இடம்.

முதல் வகையில் வெள்ளி நிறம் தருவது நுண்ணிய ரோமங்கள். அவை வெயிலைத் திருப்பி அனுப்பி, இலை வறண்டுபோகாமல் காக்கின்றன. நிழலில் வைத்தால் நிறம் பச்சையாகி, தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். ரோமங்களுக்கிடையே தண்ணீர் தேங்கினால் இலை அழுகும். மழைக்காலத்தில் இதுதான் பெரிய தொல்லை. இரண்டாம் வகையில் தோலுக்கு அடியிலுள்ள காற்று இடைவெளிகளால்தான் அந்தப் பளபளப்பு. மர நிழலில் வளர்ந்து பழகிய செடி அது, கடும் வெயிலில் கருகிவிடும்.

எச்சிவேரியா போன்ற சாம்பல் பூத்த சதைப்பற்றுச் செடிகளைத் தடவவே வேண்டாம். அந்தப் பூச்சு மெழுகு. அழிந்தால் அந்த இலையில் தழும்பாக நின்றுவிடும். மண்ணில்லாமல் வளரும் டில்லாண்ட்சியாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது இலை வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, எனவே இலையை நனைத்தே ஆகவேண்டும்.