லீவ் லெட்டர் கொடுத்தும் அட்டெண்டன்ஸ் குறைவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவ் லெட்டர் கொடுத்தாயிற்று, ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி அந்த நாள் கணக்கில் வராது என்றுதான் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். தேர்வு எழுதத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில் தங்கள் பெயரைப் பார்த்த பிறகே விஷயம் புரிகிறது. அனுமதி பெற்று வராமலிருப்பது வேறு, வந்ததாகப் பதிவேட்டில் ஏறுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு பாடத்துக்கு செமஸ்டர் முழுவதும் 45 வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் 30 வகுப்புக்கு வந்திருக்கிறார். வராத 15-இல் 5 வகுப்புகளுக்கு முறையான அனுமதி இருக்கிறது. இவருடைய சதவீதம் என்ன? விளையாட்டுப் போட்டி, கருத்தரங்கு போன்றவற்றுக்குப் போய் ஓ.டி. (ஆன் டூட்டி, அதாவது கல்லூரி சார்பாகப் போனதற்கான அனுமதி) வாங்கியிருந்தால், பல இடங்களில் அந்த 5-ஐ வந்ததாகவே சேர்ப்பார்கள்: 45-க்கு 35, அதாவது 77.8. சில பல்கலைக்கழகங்கள் அந்த 5 வகுப்புகளை மொத்தத்திலிருந்தே கழித்துவிடும்: 40-க்கு 30, சரியாக 75. மருத்துவ விடுப்பென்றால் பெரும்பாலும் எதையும் கூட்டுவதுமில்லை, கழிப்பதுமில்லை: 45-க்கு 30, வெறும் 66.7. அந்தப் பற்றாக்குறையை மன்னிக்கலாமா என்று பரிசீலிக்க மட்டுமே மெடிக்கல் சர்டிபிகேட் பயன்படும். அதே மாணவர், அதே ஐந்து வகுப்புகள், மூன்று விதமான முடிவுகள். உங்கள் இடத்தில் எந்த விடுப்புக்கு எந்தக் கணக்கு என்பதை செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே விதிமுறைக் கையேட்டில் படித்துவிடுங்கள். சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம். அவர் சேர்ந்த ஆண்டின் விதிமுறை வேறாக இருக்கலாம்.

இதிலிருந்து பிறக்கும் அடுத்த தவறு, தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும் என்ற இடத்தில் மீதியுள்ள 25 சதவீதத்தைச் சொந்த விடுமுறைக் கையிருப்பாகப் பாவிப்பது. அது காய்ச்சல், விபத்து, வீட்டில் துக்கம் ஆகியவற்றுக்காக ஒதுக்கப்பட்ட இடம். முதல் இரண்டு மாதத்தில் அதைச் சினிமாவுக்கும் தூக்கத்துக்கும் செலவழித்துவிட்டு, மூன்றாம் மாதம் டெங்கு வந்து படுத்தால், “குறைபாடு நோயால் வந்ததா?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பரிசீலிக்கும் குழு செமஸ்டர் முழுவதற்குமான வருகையைத்தான் பார்க்கும், படுத்திருந்த ஒரு வாரத்தை மட்டுமல்ல.

சதவீதத்தைத் தப்பாகப் படிப்பது

எல்லா இடத்திலும் 75 தான் என்ற நம்பிக்கையும் சரியல்ல. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2003-ஆம் ஆண்டு விதிமுறை, இளநிலைப் படிப்புக்கு வருகைப் பதிவு பொதுவாக 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றது. மருத்துவப் படிப்பில் தியரிக்கு 75, செய்முறைக்கு 80. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 என்கின்றன. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே அளவு கிடையாது. பெரும்பாலும் அந்தந்தப் பேராசிரியர் முதல் நாள் தரும் சிலபஸில் எழுதியிருப்பதே சட்டம். சதவீதம் பாடவாரியாகவா, எல்லாப் பாடங்களையும் சேர்த்தா என்பதும் மாறும். மொத்தத்தில் 82 இருந்தும் ஒரே ஒரு பாடத்தில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு.

லேப் தனி ஆபத்து. செமஸ்டருக்கு 15 லேப் என்றால் 75 சதவீதத்துக்கு 12 வேண்டும் (11.25 என்பது 12 ஆகத்தான் ஏறும், 11 ஆக இறங்காது). மூன்றுக்கு மேல் விட முடியாது. வருகையை வகுப்பாக அல்லாமல் மணி நேரமாக எண்ணும் கல்லூரிகளில் ஒரு லேப் போனால் மூன்று மணி நேரம் போயிற்று.

“இனிமேல் ஒழுங்காக வந்தால் ஏறிவிடும்” என்பதற்கும் எல்லை உண்டு. 75 சதவீத இலக்குக்கு எளிய கணக்கு: வராத வகுப்புகளை 3-ஆல் பெருக்கி, வந்த வகுப்புகளைக் கழியுங்கள். மீதி வருவதுதான் இனி தொடர்ச்சியாக வர வேண்டிய வகுப்புகள். 20 வகுப்பு முடிந்து 14-க்கு வந்திருந்தால் (70 சதவீதம்) 18-இல் 14 போக 4. நான்கு வகுப்பு வந்தாலே 24-க்கு 18, சரியாக 75. ஆனால் 40 வகுப்பு முடிந்து 26-க்கு வந்திருந்தால் 42-இல் 26 போக 16 வகுப்புகள் தேவை. மொத்தம் 45 என்றால் மீதமிருப்பதோ ஐந்து. அத்தனைக்கும் வந்தாலும் 68.9-ஐத் தாண்டாது. ஆகவே இந்தக் கணக்கைப் போட வேண்டியது ஐந்தாவது வாரத்தில். பதின்மூன்றாவது வாரத்தில் போட்டுப் பயனில்லை.

பதிவேட்டில் விழும் பிழைகளும் சாதாரணம். பேட்ச் மாற்றி லேப் செய்தது, வகுப்பு அறை மாறியது, கைரேகை விழாதது, தாமதமாக வந்ததால் ஆப்சென்ட் போட்டுப் பிறகு திருத்த மறந்தது. வாரத்துக்கு ஒருமுறை போர்ட்டலைப் பார்த்து, தவறு இருந்தால் அந்த வாரமே ஆசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் அவருக்கும் நினைவிருக்காது, உங்களிடமும் ஆதாரம் இருக்காது. நண்பரைக் கொண்டு ப்ராக்ஸி (வராமலே வந்ததாகப் பதிவு) போடுவது இருவரையும் ஒழுங்கு நடவடிக்கையில் கொண்டுபோய் நிறுத்தும்.

சர்டிபிகேட் நிராகரிக்கப்படும் காரணங்கள்

மெடிக்கல் சர்டிபிகேட்டில் பார்க்கப்படுபவை: மருத்துவர் உங்களைப் பரிசோதித்த தேதி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு, மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை. குணமான பிறகு போய் “போன வாரம் காய்ச்சலாக இருந்தது” என்று சொல்லி வாங்கும் சீட்டு பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் அந்த நாட்களில் மருத்துவர் உங்களைப் பார்க்கவே இல்லை. படுத்த முதல் நாளோ மறுநாளோ மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். நீண்ட விடுப்பென்றால், திரும்பும்போது உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள். திரும்பிய பிறகு எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதியில் இருக்கும். அதைத் தவறவிட்டால் உண்மையான நோய்க்கும் பயனில்லாமல் போகும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். போலிச் சான்று மட்டும் வேண்டவே வேண்டாம். வருகைக் குறைவுக்கு ஒரு செமஸ்டர் போகலாம், போலிச் சான்றுக்குப் படிப்பே போகலாம்.

ஓ.டி.யில் நடக்கும் தவறும் இதே வகைதான்: போய்வந்த பிறகு கேட்பது. போட்டிக்கோ கருத்தரங்குக்கோ கிளம்பும் முன்பே துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும், திரும்பியதும் பங்கேற்புச் சான்று வேண்டும். பயண நாட்களைக் கடிதத்தில் குறிப்பிடாவிட்டால் அவை ஆப்சென்ட்தான். மத விழா, குடும்பத் திருமணம் போல முன்பே தெரிந்த நாட்களுக்கும் இதே ஒழுங்குதான்.

எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். வராந்தாவில் நின்று “சார், நாளைக்கு வர மாட்டேன்” என்று சொன்னதைப் பதிவேடு அறியாது. மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம். என் பெயர், பதிவெண், பிரிவு. காய்ச்சல் காரணமாக 12, 13 தேதிகளில் உங்கள் பாடத்தின் மூன்று வகுப்புகளுக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். 13-ஆம் தேதி நடந்த இன்டர்னல் தேர்வை வேறொரு நாளில் எழுத அனுமதி வேண்டுகிறேன். குறிப்புகளை வகுப்புத் தோழரிடம் பெற்றுவிட்டேன்.”

நோயின் விவரங்களை அடுக்கத் தேவையில்லை. தேர்வுக்கான கோரிக்கை அதில் தனியாக இருப்பதைக் கவனியுங்கள். வகுப்புக்கு விடுப்பு கிடைத்தால் அன்றைய தேர்வுக்கும் அது பொருந்தும் என்று எண்ணி மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறைய. மறுதேர்வு, அசைன்மென்ட் கெடு, லேப் ரெக்கார்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டாக வேண்டும். “முக்கியமாக ஏதாவது நடத்தினீர்களா?” என்று கேட்கும் வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

நீண்ட நாள் வர முடியாதபோது

அறுவைச் சிகிச்சை, மன அழுத்தம், பிரசவம் என்று மூன்று நான்கு வாரம் போகும் என்று தெரிந்துவிட்டால், வாரத்துக்கொரு லெட்டர் கொடுத்து ஒட்டுப்போடாதீர்கள். அந்த செமஸ்டரிலிருந்து முறைப்படி விலக, அல்லது படிப்பை இடைநிறுத்தி வைக்க வழி இருக்கும், அதற்கொரு கடைசித் தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்குள் போனால் பதிவேட்டில் விடுப்பு என்று நிற்கும், தவறினால் தோல்வி என்றோ தகுதியின்மை என்றோ நிற்கும். மகப்பேறு விடுப்புக்கும் வருகைச் சலுகைக்கும் விதி வகுக்குமாறு மானியக் குழு 2021-இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. மாணவிகள் அதைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர்கள், உடல்நலக் காரணத்துக்காகவே ஆனாலும், பாடங்களைக் குறைப்பதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பேராசிரியர் சரி என்றதை நம்பி முதலில் பாடத்தை விட்டுவிட்டு, பிறகு அலுவலகத்துக்குப் போனால் விசா நிலையே கேள்விக்குள்ளாகும்.