அசோகாவுக்கும் இடம் வையுங்கள்

சத்தான சாப்பாட்டுக்கு மாற நினைக்கிறீர்களா? நம் ஊர்ப் பயறிலிருந்து தொடங்குங்கள். சம்பா நெல் அறுவடை முடிந்த வயலில்தான் நம் காவிரி டெல்டாவில் உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. பங்குனி வாக்கில் தெரிந்த விவசாயியிடமே மொத்தமாக வாங்கி, நன்றாகக் காயவைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். ராத்திரி ஒரு கைப்பிடி பயறை ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். தேங்காய்த் துருவல் போட்டுச் சுண்டல் செய்து, இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். காபியை மட்டும் 1 மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரைக்குக் கொல்லை முருங்கை போதும்.

அப்புறம், இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டாம், நாக்கு பாவம்! திருவையாறு பக்கம் போனால் 100 கிராம் அசோகா அல்வா வாங்கி, சூடாக, நெய் விரலில் ஒட்ட ஒட்ட அங்கேயே சாப்பிடுங்கள். அதுவும் பாசிப்பருப்பில் செய்ததுதான். அரைக் கிலோவாக வீட்டுக்கு வாங்கி வராதீர்கள்.