பவர் பேங்க் திரும்பப் பெறும் அறிவிப்பு: உங்களிடம் உள்ளது அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

2025 ஜூன் மாதத்தில் மட்டும் ஆங்கர் நிறுவனத்தின் பவர் பேங்க்குகளைத் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திரும்பப் பெறுவதாக மூன்று அறிவிப்புகள் வெளியாயின. 12ஆம் தேதி அமெரிக்காவில் வந்த அறிவிப்பு ஏ1263 என்ற ஒரு மாடலை மட்டும் குறிப்பிட்டது. அதில் 11 லட்சத்துக்கும் அதிகமான பவர் பேங்க்குகள் அடங்கின. 20ஆம் தேதி சீனாவில் வந்ததில் ஏழு மாடல்கள் இருந்தன. மாத இறுதியில் உலக அளவில் அறிவிக்கப்பட்டவை ஐந்து மாடல்கள். அமெரிக்காவின் ஏ1263 மற்ற இரண்டு பட்டியல்களிலும் இல்லை. எனவே, கண்ணில் பட்ட ஒரு செய்தியை மட்டும் படித்துவிட்டு "நம்முடையது இதில் இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது.

முதல் படி: மாடல் எண்ணைப் படியுங்கள். பெட்டியில் உள்ள வணிகப் பெயர் போதாது, ஏனெனில் ஒரே பெயரில் பல மாடல்கள் விற்பனையாகின்றன. பவர் பேங்க்கின் அடிப்பகுதியிலோ பக்கவாட்டு விளிம்பிலோ, பொடி எழுத்தில், மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பையில் உரசி எழுத்து மங்கியிருந்தால், டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டாம் படி: எந்த நாட்டில், ஏறத்தாழ எப்போது வாங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். திரும்பப் பெறும் அறிவிப்பு, பொருள் விற்கப்பட்ட நாட்டைப் பொறுத்தது. நீங்கள் இப்போது வசிக்கும் ஊரைப் பொறுத்ததன்று. அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வந்த பவர் பேங்க்குக்கு அமெரிக்க அறிவிப்பையே பார்க்க வேண்டும். ஏ1263 அறிவிப்பு 2016 ஜூன் முதல் 2022 டிசம்பர் வரை அங்கே விற்றவற்றுக்கானது.

மூன்றாம் படி: உரிய இடத்தில் தேடுங்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேஃப்டி கேட் தளமும், ஆஸ்திரேலியாவில் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் பொருள் பாதுகாப்புத் தளமும் பட்டியல்களை வெளியிடுகின்றன. சீனாவின் நடைமுறை இன்னும் கடுமையானது. அங்கே 2024 ஆகஸ்ட் முதல் பவர் பேங்க்குக்கு 3சி எனப்படும் பாதுகாப்புத் தரச் சான்று கட்டாயம். 2025 ஜூன் 28 முதல், அந்த முத்திரை இல்லாதவற்றையும் திரும்பப் பெறப்பட்டவற்றையும் உள்நாட்டு விமானங்களில் கொண்டுசெல்ல முடியாது. இந்தியாவில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. இங்கே விற்கும் பவர் பேங்க்கில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் பதிவு எண் சரியாக இருப்பதும் திரும்பப் பெறும் பட்டியலில் இல்லாமல் இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் தனித்தனியே பார்த்துவிடுவதே நல்லது.

நான்காம் படி: மாடல் எண் பட்டியலில் இருந்தால், வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் உள்ளிடுங்கள். ஒரே மாடலின் எல்லாப் பவர் பேங்க்குகளும் பழுதானவை அல்ல. பவர் பேங்க்குக்குள் இருக்கும் லித்தியம் செல்களை வேறு நிறுவனங்கள் தயாரித்துத் தருகின்றன. ஒரு தொகுதிக்கு ஒருவர், அடுத்த தொகுதிக்கு இன்னொருவர் என்றும் இருக்கலாம். சீன அறிவிப்பில் சொல்லப்பட்ட பழுது, சில செல்களின் மூலப்பொருள் மாற்றத்தால் வந்தது. நாளடைவில் நேர், எதிர் முனைகளைப் பிரிக்கும் மெல்லிய படலம் காப்புத்தன்மையை இழந்து, சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே அதன் சாரம். அந்தச் செல்கள் எந்தெந்த நாடுகளுக்குப் போயினவோ அதற்கேற்பப் பட்டியலும் மாறுவதில் வியப்பில்லை.

ஐந்தாம் படி: எண் பொருந்தினால் அப்போதே பயன்பாட்டை நிறுத்துங்கள், சார்ஜ் ஏற்றியும் பார்க்காதீர்கள். பணமா, மாற்றுப் பொருளா என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். அமெரிக்க அறிவிப்பில் பவர் பேங்க்கை அனுப்பச் சொல்லவில்லை; அதன்மீது அழியாத மையால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, எண்கள் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால் போதும். யாரும் கேட்காமல் நீங்களாகக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள்.

கடைசியாக, அதைக் குப்பைத் தொட்டியிலோ கடைகளில் வைத்திருக்கும் பழைய பேட்டரிப் பெட்டியிலோ போட வேண்டாம். அபாயகரமான கழிவுகளை ஏற்கும் உள்ளாட்சி மையத்திடம் முதலில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். தெரிந்தவர் கேட்கிறார் என்று கைமாற்றியும் விடாதீர்கள். அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பதே சட்டப்படி குற்றம்.