தொடக்கப் பள்ளியில் உலகக் குடிமை: பாடத்திட்டம் வகுக்கும் முறை

உலகக் குடிமைக்கென, அதாவது உலக மக்கள் அனைவரோடும் தம்மை இணைத்துப் பார்த்துப் பொறுப்புடன் நடக்கும் பண்புக்கென, தனிப் பாடவேளை ஒதுக்குவதைவிட, ஏற்கெனவே உள்ள மொழி, கணிதம், அறிவியல் பாடங்களுக்குள் அதை இழையோட விடுவதே தொடக்கப் பள்ளிக்குப் பொருந்தும். யுனெஸ்கோ 2015இல் வெளியிட்ட வழிகாட்டி அறிவு, சமூக உணர்வு, செயல் என மூன்று தளங்களைக் குறிப்பிடுகிறது; ஒவ்வோர் அலகுக்கும் இம்மூன்றிலும் ஒரு நோக்கத்தையாவது முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் செயல் என்ற தளமே எளிதில் விடுபட்டுப்போகிறது.

முதலிரு வகுப்புகளில் வகுப்பறை விதிகளைக் குழந்தைகளே பேசி முடிவுசெய்யட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து, கைக்கெட்டும் பொருளொன்றின் வழியே உலகை அணுகலாம். ஒரு பருத்திச் சட்டையின் கழுத்துப் பகுதியிலுள்ள லேபிளில் அது தைக்கப்பட்ட நாட்டைப் படித்து, வரைபடத்தில் குறித்து, சுமந்த கப்பல், தைத்தவர், நூற்றவர், பருத்தி விளைந்த நிலம் எனப் பின்னோக்கிச் சென்றால், புவியியலும் உழைப்பின் மதிப்பும் ஒருசேர விளங்கும். லேபிள் சொல்லாதவை எவை என்று கேட்பது இன்னும் நல்ல பாடம். ஐந்தாம் வகுப்பில், 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவை, அதாவது தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துரைக்கும் உரிமையை, எளிய மொழியில் விவாதிக்கலாம்.

உடை, உணவு, கொடி காட்டும் விழாவோடு நின்றுவிடுவது, என் பார்வையில், பிற மக்களைக் காட்சிப்பொருளாக்கிவிடும். மதிப்பீட்டுக்குத் தேர்வு வேண்டாம். மாற்றுக் கருத்தைக் கேட்டபின் குழந்தை என்ன வினா எழுப்புகிறது என்பதை ஆசிரியர் அவ்வப்போது குறித்துவைத்தாலே போதும்.